வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய டயர்

அந்தத் தையல்காரரைத் தெருவில் எல்லோரும் ‘ஓரங்குலம் மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த உடம்புக்கு எதைத் தைத்தாலும் எடுத்த அளவோடு ஓரங்குலம் கூட்டித் தைப்பது அவர் வழக்கம். பள்ளிச் சீருடை என்றால் இன்னும் தாராளம். “வளர்ற பிள்ள” என்பார். தலை நரைத்த கணக்கர் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாலும் அதே பேச்சுதான். “நான் இனிமே எங்க மாஸ்டர் வளரப்போறேன்?” என்று கணக்கர் கேட்டால், மாஸ்டர் பதில் சொல்லாமல் அவருடைய வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார். கணக்கர் அடங்கிவிடுவார்.

மாஸ்டர் தைத்த சட்டையோடு தெருமுனையில் திரும்பினால் முதலில் ஆள் திரும்புவார், சட்டை பிறகு திரும்பும் என்று அவருடைய மச்சான் சொல்லிச் சிரிப்பான். மச்சான் என்றால் மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழில். ஆனால் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அக்கா புருஷனைக் கிண்டல் செய்வதைத்தான் முழுநேர வேலையாக வைத்திருந்தான்.

இவ்வளவு கிண்டலுக்கும் நடுவில் வாடிக்கை குறையவில்லை. மாஸ்டர் போட்ட தையல் பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டி மெஷின், நடுவில் வெட்டு மேஜை, மூலையில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர் படும் பாடு தனி. “கையத் தூக்குங்க. குனிங்க. உக்காந்து எந்திரிங்க. இருமுங்க” என்று ஆட்டிவைப்பார். கடைசியில் கழுத்துப் பட்டைக்குள் தன் விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போய்வந்தால்தான் சட்டை வெளியே போகும்.

கடையில் வாங்கும் சட்டை என்றால் அவருக்கு ஆகாது. அதைவிட ஆகாதது அதன் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள். “அதுல போட்டிருக்கிறது சட்டையோட அளவு இல்லப்பா, கம்பெனிக்காரனோட ஆச” என்பார்.

அவருடைய மனைவியைத் தெரு ‘நர்ஸம்மா’ என்றது. ஊரின் பெரிய மருத்துவமனையில் பல வருட சர்வீஸ். அழுகிற பிள்ளைக்கு ஊசி போட்டு முடித்தபிறகு, “போடட்டுமா?” என்று கேட்கிற கைராசிக்காரி. இப்போது அவருக்கு ஒரு நல்ல காலம் கதவைத் தட்டியிருந்தது. குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிளை மருத்துவமனை. அங்கே தலைமை நர்ஸ் இடம் காலி. பெரிய டாக்டர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, “உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, அந்தப் பக்கம் பஸ் கிடையாது, ஆகவே கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். மாசம் முடிவதற்குள் காட்டாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அடுத்த ஆள் யார் என்பதுதான் நர்ஸம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது. நோயாளி வலியில் துடிக்கும்போது, “இதுக்கேவா?” என்று கேட்கிற ஒருத்தி. நர்ஸம்மாவிடம் தொழில் பழகியவள்.

“அவளுக்கு ஒரு படி கீழ நிக்கறதுக்கு, வீட்டுல உக்காந்து பட்டன் தைக்கலாம்” என்றார் நர்ஸம்மா.

“பட்டன் தைக்கறதுன்னா அவ்வளவு மட்டமாப் போச்சா?” என்று மாஸ்டர் நிமிர்ந்தார்.

வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. மாஸ்டருக்கு லைசென்ஸும் இருந்தது. ஆனால் மெஷினை மிதித்துப் பழகிய கால். ஆக்சிலரேட்டரையும் அப்படியே விட்டு விட்டு மிதிப்பார். கூட உட்கார்ந்திருப்பவர்களின் தலை தையல் ஊசி மாதிரி மேலும் கீழும் போய்வரும். அதனால் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். ஒரு மூடிய கிடங்கின் பின்புற மைதானத்தில் நான்கு வாளிகளை வைத்து, அவற்றின் நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தப் பழக்கினான். தேர்வில் எல்லோரும் கவிழ்வது அந்த இடத்தில்தான். நர்ஸம்மாவோ நரம்பைத் தேடி ஊசி போடுகிறவர். வாளிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு கை மட்டும் நுழையும்படி ஒரே வீச்சில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இவ்வளவு தேறிய பிறகு தேர்வுக்குப் போனால், பரிசோதகர் வண்டியில் ஏறவேயில்லை. குனிந்து டயரைத் தடவினார்.

“இது டயரா, என் தலையா?” என்றார். தொப்பியைக் கழற்றி ஒப்பிட்டும் காட்டினார். பளபளப்பில் இரண்டும் சமம்தான். “டயர மாத்திட்டு வாங்கம்மா. மாசக் கடைசி வெள்ளிக்கிழம இன்னொரு தடவ பாக்கறேன். அத விட்டா அடுத்த மாசந்தான்.”

அடுத்த மாசம் என்றால் எல்லாம் போச்சு. நர்ஸம்மா வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் கத்தரியை மேஜையில் வைத்தார்.

“டயர் சமாசாரத்த எங்கிட்ட விடு. அளவுன்னா என்னன்னு எனக்கு யாராவது சொல்லித் தரணுமா?”

“என்னங்க, டிரைவர் பக்கக் கதவத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்காம். தம்பி சொன்னான். அதுல இருக்குற அளவ அப்படியே வாங்கிட்டு வந்துடுங்க.”

“ம்” என்றார் மாஸ்டர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியாமலில்லை. அன்றைக்கு மனம் சரியில்லாததால் விட்டுவிட்டார்.

டயர்க்கடை பெரிய சாலையில் இருந்தது. உள்ளே போனதும் ரப்பர் வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தரையிலிருந்து கூரைவரை டயர்கள். அவற்றில் இரண்டை அடுக்கி மேலே ஒரு மெத்தைத் துண்டைப் போட்டு, அதையே நாற்காலியாக்கி உட்கார்ந்திருந்தார் கடையை நடத்தும் அக்கா. குரல் காற்றடிக்கும் மெஷினையும் தாண்டிக் கேட்கும்.

“வாங்க மாஸ்டர். என்ன அளவு?”

“அத எடுக்கத்தான வந்திருக்கேன்” என்று மாஸ்டர் கழுத்திலிருந்து நாடாவை உருவினார்.

“அண்ணே, அத மாட்டிக்குங்க. டயரே அளவு சொல்லும்.” அக்கா எழுந்து வந்து காரின் பழைய டயரில் காலால் தட்டிக் காட்டினார். பக்கவாட்டில் 165/70 R14 என்று தேய்ந்தும் தேயாமலும் இருந்தது. “நூத்தி அறுவத்தஞ்சு, டயரோட அகலம். மில்லிமீட்டர். கடைசில பதினாலு, உள்ள இருக்குற ரிம்மோட விட்டம். அங்குலம். நடுவுல எழுவது இருக்கே, அது ரிம்முலேருந்து தரைவரைக்கும் இருக்குற ரப்பரோட உயரம். அகலத்துல நூத்துக்கு எழுவது பங்கு.”

மாஸ்டர் பக்கத்தில் இருந்த டயரின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

“கொஞ்சம் இரும்மா. சாமான் ஒண்ணுதான்?”

“ஒண்ணுதான்.”

“அதுக்கு அகலம் மில்லிமீட்டர்ல. வட்டம் அங்குலத்துல. உயரம் நூத்துக்கு எத்தனன்னு பள்ளிக்கூடக் கணக்குல. இந்த மாதிரி அளவெடுத்து ஒரு பேன்ட் தச்சா ஒரு கால் முழங்காலோட நிக்கும், இன்னொரு கால் தெருவக் கூட்டும். இதச் செஞ்ச மூணு பேருக்கும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்த கிடையாதா?”

“அது எனக்குத் தெரியாது. நான் விக்கறவ.”

“சரி, அந்த R?”

“ரேடியல். உள்ள நூல் ஓடுற விதம்.”

“நூலா?” மாஸ்டரின் முகம் மலர்ந்தது. “டயருக்குள்ள நூலா இருக்கு?”

“பின்ன? வெறும் ரப்பர் காத்தத் தாங்குமா? பழைய காலத்து டயர்ல நூல் சாய்வா ஓடும். இதுல இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு நேரா ஓடும்.”

“அது கிராஸ் கட்டு. இது நேர் இழை” என்றார் மாஸ்டர். எழுந்துவிட்டார். “அப்படிச் சொல்லும்மா! டயருங்கறது துணிதான்.”

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. டயர் துணியென்றால் அவர் தையல்காரர். இனி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு டயரையும் தட்டினார், தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். ஓர் அடுக்கின்முன் நின்றார். தடித்து, திரண்டு, பார்க்கவே ராஜகம்பீரமாக இருந்தன அந்த டயர்கள். 185/70 R14.

“இதக் குடும்மா.”

“உங்க வண்டிக்கு அது வேண்டாம் அண்ணே.”

“ஏன்? எழுவதும் அதேதான், பதினாலும் அதேதான். அகலத்துல மட்டும் ரெண்டு சென்டிமீட்டர் கூட. ஓரங்குலம்கூட இல்ல.”

“எழுவது அதேதான். எதுல எழுவது? அகலம் கூடுச்சுன்னா அதுல எழுவது பங்கும் கூடுமில்ல? மேல ஒரு தடவ, கீழ ஒரு தடவ. மொத்த டயரும் கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் வளந்து நிக்கும். ஸ்பீடாமீட்டர் அறுவதுன்னு காட்டறப்போ வண்டி அதுக்கு மேல போயிட்டிருக்கும். ஸ்டியரிங்க ஒடிச்சா உள்ள உரசும். எதுக்கு வம்பு? கதவத் திறங்க, லேபிள் இருக்கும், அதுல…”

“லேபிளா?” என்றார் மாஸ்டர்.

அந்தச் சொல்லை மட்டும் அக்கா சொல்லாமல் இருந்திருக்கலாம். கம்பெனிக்காரனின் ஆசையைப் பற்றிய முழுப் பிரசங்கத்தையும் அன்று டயர்க்கடை கேட்டது. காற்றடிக்க வந்த இரண்டு பேர், வந்த வேலையை மறந்து நின்று கேட்டார்கள்.

“மலப்பாதைல ஓடப்போற வண்டி. ஆளும் மருந்துப் பெட்டியும் ஏறும். வளர்ற பிள்ளம்மா இது” என்று முடித்தார் மாஸ்டர்.

“காரு எங்க அண்ணே வளரும்?”

“ஒண்ண மாட்டுங்க. பாத்துடுவோம்.”

மாட்டினார்கள். மாஸ்டர் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மேலே வளைந்திருந்த தகட்டுக்கும் நடுவில் விரலை விட்டார். தாராளமாகப் போய்வந்தது. “பாத்தீங்களா?” என்றார் எழுந்து. சக்கரம் அப்போது நேராக, சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

அக்கா கையை விரித்தார். “உங்க பிள்ள, உங்க சட்ட.”

நான்கு சக்கரத்துக்கும் அதுவே போட்டார்கள். வண்டி குதிகால் வைத்த செருப்பு போட்டதுபோல எடுப்பாக நின்றது. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவே வந்து பார்த்தது. கணக்கர், “வண்டிக்கும் லூசாத் தச்சுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

“ஸ்டிக்கரப் பாத்தீங்கல்ல?” என்றார் நர்ஸம்மா.

“அளவெல்லாம் பாத்துத்தான் வாங்கினேன்” என்றார் மாஸ்டர். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மறுநாள் கிடங்கு மைதானம். நான்கு வாளிகள். மச்சான் ஒரு வாளிக்குப் பக்கத்தில் நின்றான். மாஸ்டர், புது டயர்களின் அழகை ரசிக்கத் தோதாகச் சற்றுத் தள்ளி. நர்ஸம்மா பின்னால் எடுத்தார். எப்போதும்போல, திருப்பவேண்டிய இடம் வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார்.

‘கர்ர்ரக்.’

பிரேக்கை மிதித்தார். இறங்கி ஓடிவந்து வண்டிக்கடியில் பார்த்தார்.

“எது மேலடா ஏத்தினேன்?”

“ஒண்ணும் இல்லக்கா. மறுபடி எடு.”

மறுபடியும் எடுத்தார். மறுபடியும் ‘கர்ர்ரக்.’ மாஸ்டரின் காதில் அந்தச் சத்தத்தோடு டயர்க்கடை அக்காவின் குரலும் சேர்ந்து கேட்டது. சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மச்சான் எதிரே நின்றுகொண்டிருந்தான். உலகத்தில் எவன்முன் வேண்டுமானாலும் தோற்கலாம், மச்சான்முன் தோற்க முடியுமா?

“புது டயரில்லையா? புதுத் துணி சரசரக்கும். ரெண்டு தண்ணி பட்டா அடங்கிடும்” என்றார்.

“டயரத் தொவைக்கணுமா மாமா?” என்றான் மச்சான்.

“நீ சும்மா இரு மாப்ள. இந்தா பாரு, நீ ஸ்டியரிங்க ரொம்ப அழுத்தி ஒடிக்கிற. கொஞ்சம் பதமா ஒடி” என்றார் மனைவியிடம்.

நர்ஸம்மா பதமாக ஒடித்தார். சத்தம் வரவில்லை. வாளிதான் போயிற்று. அடுத்த தடவை இன்னொரு வாளி. சத்தம் வராமல் ஒடித்தால் வாளி சாய்ந்தது. வாளியைக் காப்பாற்றினால் சத்தம் வந்தது. முந்தின வாரம் கண்ணைக் கட்டிவிட்டாலும் நிறுத்தியிருப்பார். இப்போது கண்ணாடியைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அன்று நர்ஸம்மா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“எங்கையிலதான் கோளாறு. வயசாயிடுச்சு போல” என்றார் கடைசியில். “அவளுக்கு ஒரு படி கீழயே இருந்துட்டுப் போறேன். விடுங்க.”

மாஸ்டர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். ஆனாலும் டயரைப் பற்றி ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வேறொரு யோசனை வந்திருந்தது. தொழில் தெரிந்தவனின் யோசனை. சட்டை அக்குளில் இறுக்கினால் என்ன செய்கிறோம்? சட்டையையா தூக்கிப் போடுகிறோம்? அக்குளைக் கொஞ்சம் வெட்டி விடுகிறோம். அவ்வளவுதானே!

நர்ஸம்மா மருத்துவமனைக்குப் போனபிறகு, மாஸ்டர் கடை ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்தார். சக்கரத்துக்கு மேலே, வண்டிக்குள் சேறு தெறிக்காமல் மறைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டியில், டயர் உரசும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் கோடு போட்டார். கோட்டின் அழகை ஒருமுறை தள்ளி நின்று பார்த்தார். பிறகு பெரிய கத்தரியை எடுத்துவந்தார். அந்தக் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினாலே வீட்டில் பூகம்பம் வரும். அன்று அது பிளாஸ்டிக் வெட்டியது.

துணி வெட்டினால் வெட்டிய இடம் மட்டும் பிரியும். பிளாஸ்டிக்குக்கு அந்த மரியாதை தெரியவில்லை. கோட்டில் பாதி தாண்டியதும், படக் படக்கென்று உள்ளே இருந்த பிடிப்புகள் தெறித்து, மொத்தத் தட்டியும் அவிழ்ந்து டயரின்மேல் தொங்கியது. மாஸ்டர் கலங்கவில்லை. பிரிந்தால் தைப்பதுதானே தொழில்? கோணி தைக்கும் ஊசியில் மெழுகு நூலைக் கோத்துக்கொண்டு, முதுகைத் தரையில் போட்டு, காருக்கடியில் தலையை விட்டார்.

நர்ஸம்மா தம்பியின் காரில் வந்து இறங்கியபோது வண்டிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

“என்னங்க?” என்றார். “காருக்குப் பட்டன் தைக்கறீங்களா?”

உள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். மாஸ்டரின் நெற்றி இரும்பைத் தொட்ட சத்தம்.

வெளியே வந்தார். கையில் ஊசி, மூக்கில் கரி. மச்சான் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தான். சிரிப்பை அடக்கியதில் அவன் காது சிவந்தது. நர்ஸம்மாவும் குனிந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இந்தச் சாக்பீஸ் கோடு எதுக்கு?”

“அது… உரசற எடம்.”

“உரசுதா?” நர்ஸம்மா மெல்ல நிமிர்ந்தார். “அப்ப அது டயர் சத்தம். நான் இல்ல.”

மாஸ்டர் ஊசியைப் பார்த்தார். நர்ஸம்மா கதவைத் திறந்து தூணில் இருந்த ஸ்டிக்கரை வாய்விட்டுப் படித்தார். பிறகு டயரைப் படித்தார். இரண்டுமுறை போய்வந்து படித்தார், மருந்துப் புட்டியைச் சரிபார்ப்பதுபோல.

“ஒருத்தர் சட்ட போட்டுப் பாக்க வந்தா கையத் தூக்கு, குனி, உக்காரு, இருமுன்னு உசுர வாங்குவீங்களே! இத ஒரு தடவ கையத் தூக்கச் சொன்னீங்களா?”

“நேரா நிக்கறப்போ விரல் போச்சு” என்றார் மாஸ்டர் ஈனசுவரத்தில்.

“நேராவே போயிட்டிருந்தா குன்றுமேல எப்படிங்க ஏறுறது?”

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். அவன் போனதும் நர்ஸம்மாவின் குரல் இறங்கியது. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது.

“பெரிய டயர் வாங்கினதக்கூட விடுங்க. மைதானத்துல சத்தம் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கைலதான் குத்தம்னு சொன்னீங்க.”

மாஸ்டர் எதை எதையோ சொல்ல நினைத்தார். புதுத் துணி, மலைப்பாதை, மச்சான். எல்லாம் வாய்வரை வந்து திரும்பிப் போயின.

“ஆமா” என்றார்.

அந்த ஒரு பதிலில் மட்டும் அவர் ஓரங்குலமும் கூட்டவில்லை.

நர்ஸம்மா கார்க் கதவைச் சாத்தினார். “மூக்கத் தொடைங்க” என்றார். “கெளம்புங்க, கடைய மூடறதுக்குள்ள.”

டயர்க்கடை அக்கா இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சுவரோரத்தைக் காட்டினார். நான்கு டயர்கள், 165/70 R14, ஒரு கயிற்றால் கட்டித் தனியாக வைக்கப்பட்டிருந்தன.

“அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன். உங்கள மாதிரி ஆளுங்க திரும்பி வர்ற வேகம் எனக்குத் தெரியும்.”

“ஓடின டயர வாபஸ் வாங்குவீங்களா?” என்றார் நர்ஸம்மா.

“அதான் முடியாது தங்கச்சி. தரையில பட்டா அது எங்க சரக்கு இல்ல.” அக்காவின் கண் வாசலில் நின்ற மச்சானின் பெரிய காரில் போய் நின்றது. எழுந்து போய் அதன் கதவைத் திறந்து தூணைப் பார்த்தார். “நூத்தி எம்பத்தஞ்சு, எழுவது, பதினாலு. தம்பி, இது உங்க வண்டியா? உங்க டயரும் ஒண்ணும் அழகா இல்லையே.”

மச்சான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயன்றான். முடியவில்லை.

“மாமா படற கஷ்டத்த என்னால பாக்க முடியல. குடும்பத்துக்காக அந்த டயர நான் போட்டுக்கறேன்.”

“போட்டுக்கடா” என்றார் மாஸ்டர். “நீதான் வளர்ற பிள்ள.”

டயர்கள் இடம் மாறின. ஸ்டிக்கரில் இருந்தபடியே காற்றும் நிரப்பினார்கள். தெறித்த பிடிப்புகளுக்குப் பதில் புதிது போட்டு, தொங்கிய தட்டியை அக்கா தன் கையாலேயே ஏற்றி இறுக்கினார். மெழுகு நூலில் போட்டிருந்த ஐந்தாறு தையலைத் தொட்டுப் பார்த்து, “தையல் நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு ஸ்டியரிங்கை இடது கோடிவரைக்கும் வலது கோடிவரைக்கும் ஒடித்துக் காட்டினார். எங்கும் எதுவும் தொடவில்லை.

ஆனால் பயம் என்பது டயரோடு கழன்று போகிற சரக்கா? மைதானத்தில் நர்ஸம்மாவின் கை பழைய இடம் வந்ததும் தானாக நின்றது. வாளி சாய்ந்தது.

“உள்ள ஏறுங்க” என்றார் மாஸ்டரிடம்.

“நான் எதுக்கு?”

“ஏறுங்கன்னேன்.”

மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாளிகளையெல்லாம் எடுத்துவிட்டு, நர்ஸம்மா மைதானத்தில் சுற்றத் தொடங்கினார். ஸ்டியரிங்கை ஒரேயடியாக இடப்பக்கம் ஒடித்து ஒரு சுற்று, வலப்பக்கம் ஒடித்து ஒரு சுற்று, பின்னாலேயே ஒரு சுற்று. வண்டி செக்கு மாடாகச் சுற்றியது. மாஸ்டருக்கு முதலில் மைதானம் சுழன்றது, பிறகு கிடங்கு சுழன்றது, பிறகு சாப்பிட்டது சுழன்றது. “போதும்மா, ஒடம்பு என்னவோ பண்ணுது” என்றார். “எனக்கு இன்னும் போதல” என்றார் நர்ஸம்மா. கை நிற்காமல் கடைசிவரை போய்வரப் பழகியபிறகுதான் விட்டார். மாஸ்டர் இறங்கி, ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் குனிந்து டயரைப் பார்த்தார். “ம், முடி மொளச்சிருக்கு. எனக்கு எங்க வாங்கறதுன்னு சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர், தேர்வுக்கு வந்த மற்றவர்களின் குடும்பத்தாரோடு கம்பிவேலிக்கு வெளியே நின்றார். நாடாவின் நுனியைப் பல்லில் கடித்திருந்தது அவருக்கே தெரியவில்லை.

வண்டி போயிற்று, வந்தது, நின்றது, ஏறியது. எல்லாம் ஒழுங்கு. கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கும் கட்டம் வந்தது. நர்ஸம்மா எடுத்தார். திருப்பவேண்டிய இடம். கை முழுக்கப் போனது.

‘கர்ர்ரக்.’

வண்டி அப்படியே நின்றது. மாஸ்டருக்கு மூச்சும் நின்றது. பக்கத்தில் நின்றவர், “என்ன சார், உங்க ஆளா?” என்றார். வண்டிக்குள் பரிசோதகர் ஏதோ கேட்பது தெரிந்தது. நர்ஸம்மா ஒரு விரலை உயர்த்தி, ‘கொஞ்சம் இருங்க’ என்பதுபோலக் காட்டினார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தலையைச் சாய்த்து, நோயாளியின் நெஞ்சைக் கேட்பவரைப்போலக் கேட்டார்.

மறுபடியும் ‘கர்ர்ரக்.’ இந்தத் தடவை வண்டி அசையாமலே கேட்டது. மைதானத்தின் மறுகோடியில் காவலாளி இரும்புக் கேட்டைத் தரையில் இழுத்துத் திறந்துகொண்டிருந்தார்.

“எங்க வண்டி இல்ல சார். கேட்டு” என்று நர்ஸம்மா சொன்னது வேலிவரை கேட்டது. ஸ்டியரிங்கில் கைவைத்தார். கடைசிவரை ஒடித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போய்க் கம்பங்களுக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி விட்டு, நின்றது.

பரிசோதகர் இறங்கும்போது, “கண்ணாடிய எறக்கிக் காத வெச்சுக் கேட்ட மொத ஆள் நீங்கதாம்மா” என்றார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நர்ஸம்மா லைசென்ஸை வாங்கினார், வெளியே வந்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மருத்துவமனை அலுவலகத்தில் லைசென்ஸைக் காட்ட அதுதான் கடைசி நாள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

வேலிக்கருகே நின்ற மாஸ்டர் கையை ஆட்டினார். நர்ஸம்மாவும் கையை ஆட்டினார். ஆனால் வண்டி மாஸ்டர் பக்கம் வரவில்லை. வாசலில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, மருத்துவமனைச் சாலையில் ஏறிப் போயே போய்விட்டது.

பக்கத்தில் நின்றவருக்குத் தாங்கவில்லை. “என்ன சார் இது! உங்கள இங்கயே விட்டுட்டுப் போறாங்களே?”

“ஆமா” என்றார் மாஸ்டர். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. “பாத்தீங்களா, ஒரு ஒடிப்புல திரும்பினத? எங்க வீட்டம்மாதான்.”

வண்டி கண்ணுக்கு மறைந்தபிறகு, அங்கிருந்து வீட்டுப்பக்கம் போக எந்த பஸ் ஏறவேண்டும் என்று அவரிடமே விசாரித்தார்.